மாமா மிதித்தால் பிடிக்கும் பிரேக்

மென்பொருளில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புவதுதான் இப்போது என் வேலை. எழுதி அனுப்பினால், அந்த மென்பொருளைச் செய்த புண்ணியவான் தன் கணினியில் ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, 'எனக்கு ஒழுங்காகத்தான் வருகிறது' என்று பதில் போட்டுத் திருப்பிவிடுவார். அந்தப் பதிலைப் பார்த்தாலே எனக்கு மண்டை சூடாகிவிடும். இதற்குப் போய் ஏன் இவ்வளவு கோபம் என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்பாள். அவளுக்கு என் மாமாவைத் தெரியாது.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அப்பா, ஸ்ரீராம்புரத்திலிருந்து மல்லேஸ்வரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். அதற்கு முன் பத்து வருடம் ஒரு கம்பெனிக் காரை ஓட்டியவர். சொந்த வண்டி வேண்டும் என்ற ஆசையை நிறைவேற்றி வைத்தவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. ரயில்வே லைனை ஒட்டிய ஒரு ஷெட்டில் அவர் மெக்கானிக். "டாக்டர் வெச்சிருந்த வண்டி மாமா. கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றார் அப்பாவிடம். (அவர் அப்பாவை மாமா என்பார், நான் அவரை மாமா என்பேன். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருபவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள்.) அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார். டாக்டருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பூ வியாபாரியும் ஒரு சமையல்காரரும் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறார்கள் என்பது, பின் சீட்டைக் கழற்றியபோது கிடைத்த காய்ந்த கதம்பச் சரத்தாலும் சாம்பார்க் கரண்டியாலும் தெரியவந்தது. கரண்டியை அம்மா கழுவி எடுத்து வைத்துக்கொண்டார்.

பின் சீட் இருந்த இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு போட்டார்கள். அதில் பதினோரு பிள்ளைகள். முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில் நான். பிடித்துக்கொள்ளக் கம்பி எதுவும் கிடையாது. ஓட்ட ஆரம்பித்த முதல் மாதம், குறுக்கே வந்த ஒரு நாய்க்காக அப்பா சடாரென்று பிரேக் போட, இந்தப் பக்கத்துப் பெஞ்சு அந்தப் பக்கத்துப் பெஞ்சின்மேல் விழுந்து, ஒரு பெண்ணின் முன்பல் விழுந்துவிட்டது. எப்படியும் விழவேண்டிய பால்பல்தான். ஆனாலும் அவளுடைய அம்மா அந்தப் பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினார். அன்றிலிருந்து அப்பா பிரேக்கைப் பூனை மாதிரி தொட ஆரம்பித்தார். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்து வைப்பார், மெல்ல மெல்ல அழுத்துவார், வண்டி நின்றதே தெரியாது. பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில்கூட உருளாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் சம்பிகே ரோட்டுப் பக்கம் திரும்பும் சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். கொஞ்சம் இறக்கமான இடம். அப்பாவின் கால் பெடல்மேல்தான் இருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. நின்றுகொண்டிருந்த வண்டி தானாக நகர்ந்துபோய் முன்னால் இருந்த ஆட்டோவை முட்டியது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "ஏன் குரு, நித்தே மாட்தித்தியா?" என்று, தூங்குகிறாயா என்பதைக் கன்னடத்தில் நிதானமாகக் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெடல் தரையோடு தரையாகக் கிடந்தது. அவர் காலை எடுத்து மறுபடி இரண்டு தரம் மிதித்தார். இப்போது அது மேலே வந்து கெட்டியாக நின்றது, ஒன்றுமே நடக்காதது போல.

சாயங்காலம் வண்டி மாமாவின் ஷெட்டுக்குப் போனது. நானும் கூடவே போனேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார், சந்தின் கோடிவரை விரட்டினார், திரும்பி வந்து எங்களுக்கு ஒரு முழம் முன்னால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வண்டி கிறீச்சிட்டு நின்றது. "பார்த்தியா மாமா? இதுக்கு மேல எப்படி பிடிக்கணும்? நான் கண்ணாடிய ஒடச்சிட்டு வெளிய வந்து விழணுமா?" என்றார்.

"காலைல போச்சுடா."

"இப்ப இருக்கே."

இந்த உரையாடல் அடுத்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை நடந்தது என்று எனக்கு நினைவில்லை. வார்த்தைகூட மாறாது. காலையில் போகும், மாலையில் இருக்கும். அப்பா ஓட்டினால் போகும், மாமா மிதித்தால் பிடிக்கும். முழுசாகக் கெட்டுப்போன வண்டி என்றால் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இது நான்கு நாள் சமர்த்தாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் காலை வாரிவிடும் வண்டி. அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, சண்டைபோட்டுச் சண்டைபோட்டு உடம்புக்கு வந்தது எங்கள் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான்.

மாமா ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கும் என்று காற்றை எடுத்தார். சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் ஷூவை மாற்றினார். எங்காவது ஆயில் ஒழுகுகிறதா என்று வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, மறுநாள் காலை வந்து குப்புறப் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் சந்தில் அந்த விரட்டல், அந்த மிதி, அந்தக் கிறீச். ஒவ்வொரு முறையும் அப்பா தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துவருவார்.

வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். மச்சினன் மெக்கானிக்காக இருக்கும் வீட்டில் அது முடியாத காரியம். அதுவும் அவனே பார்த்து வாங்கிக் கொடுத்த வண்டியை. அப்பா அதையும் ஒருநாள் செய்து பார்த்தார். ராஜாஜி நகரில் முன்பின் தெரியாத ஒரு ஷெட்டுக்கு, எங்களிடம்கூடச் சொல்லாமல், எடுத்துப் போனார். அந்த மெக்கானிக்கும் ஏறி உட்கார்ந்து, விரட்டி, ஓங்கி மிதித்து, "சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது. அப்பா வீடு வந்து சேர்வதற்குள் செய்தி மாமாவுக்குப் போய்விட்டது. ஐந்து நாள் மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா அந்த ஐந்து நாளும் அப்பாவிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தார், கரண்டிச் சத்தத்தோடு.

இதற்கு நடுவில் அம்மா தன் பங்குக்கு ஒரு வைத்தியம் செய்தார். புது வண்டிமேல் தெருக்கண் பட்டுவிட்டது என்பது அவருடைய கட்சி. வண்டி புதுசு இல்லையே என்று அப்பா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயிலில் வைத்து வாங்கிவந்த எலுமிச்சம்பழம் ஒன்றை, அப்பாவுக்குத் தெரியாமல் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தார். மூன்றாம் நாள் மாமா, கோபம் தணிந்து, அக்கா கூப்பிட்டாள் என்பதற்காக வண்டியைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்து குனிந்தார். நிமிரும்போது கையில் அந்தப் பழம், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பெடலுக்கு அடியில் கிடந்ததாம்.

"இதான் உங்க பிரேக் கிரிக்கிரி, இத்தன நாள் தொல்ல எல்லாம் இதாலதான். பெடலுக்கு கீழ பழம் உருண்டா பிரேக் எப்படி பிடிக்கும்?" என்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்து முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

மூன்று நாளைக்கு முன் வைத்த பழம், மூன்று வாரத்துக்கு முன் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும் என்று யாரும் கேட்கவில்லை. அது மட்டுமா, அடியில் பழம் இருந்தால் பெடல் கீழே போகாமல் அல்லவா நிற்கும். அதையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. அப்பா அம்மாவைத் திட்டினார். அம்மா அழுதார். மாமா டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். இரண்டு நாள் வீட்டில் பெரிய நிம்மதி. மூன்றாம் நாள் காலை, அடியில் ஒரு துரும்புகூட இல்லாத பெடல், பாலத்து இறக்கத்தில் மறுபடியும் தரையைத் தொட்டது. அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். முன்னால் நின்றுகொண்டிருந்தது சிட்டி பஸ். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. பின்னால் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பாவின் கழுத்தில் வியர்வை இறங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மாமா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "மாமா, கோச்சிக்காத. வண்டில ஒண்ணுமில்ல. நாலு தடவ அக்குவேறா ஆணிவேறா கழட்டிப் பார்த்துட்டேன். வேற ஒருத்தன்கிட்டயும் காட்டிட்ட. உனக்குத்தான் பயம் புடிச்சிருக்கு. கால பெடல்ல வெச்ச மாதிரி நெனச்சிக்கற, வெக்கறதில்ல. ஒருநாள் லீவு போட்டுத் தூங்கு."

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர், "அப்படியும் இருக்கலாம்டா" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பெடல் தரையில் கிடந்ததை இரண்டு தடவை என் கண்ணால் பார்த்தவள் நான். அதைச் சொன்னதற்கு, "பெரியவங்க பேசும்போது நடுவுல என்ன?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தார்.

லீவு போடுவது என்பது பேச்சுக்குத்தான். பள்ளி வேன் ஒருநாள் வரவில்லை என்றால், பதினோரு வீட்டிலும் காலை ஏழரை மணிக்கு வானம் இடிந்து விழும். இரண்டாம் நாளும் வராவிட்டால் அவர்கள் வேறு வேன் பார்த்துவிடுவார்கள். அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு வேன்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பழுது என்று சொல்லி நிறுத்தலாம் என்றால், பழுதே இல்லை என்று மெக்கானிக் அடித்துச் சொல்கிறார். அப்பா மறுநாளும் வண்டியை எடுத்தார்.

ஆனால் என்னை ஏற்றவில்லை.

"புதுசா ஒரு புள்ள சேர்ந்திருக்கு, எடம் இல்ல. நீ அம்மாகூட நடந்து போ" என்றார். அரைமணி நேர நடை. அம்மாவுக்குக் கார்மெண்ட்ஸில் தையல் வேலை. என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு அவர் அங்கே ஓடுவதற்குள் நேரமாகிவிடும், சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்குவார், அந்தக் கோபத்தை மறுநாள் காலை என் கையைப் பிடித்து இழுப்பதில் காட்டுவார். நடந்துகொண்டிருக்கும்போதே எங்கள் வேன் எங்களைத் தாண்டிப் போகும். எங்களுக்கு இரண்டு சந்து தள்ளியிருந்த ஒரு டீச்சரின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஜன்னல் வழியாக எனக்குக் கையாட்டுவார்கள். முன் சீட்டில் புதுப் பிள்ளை யாரும் இல்லை. புத்தகப் பைகளை அடுக்கி வைத்திருந்தார். பைகளுக்கு இடம் இருக்கிறது, பெற்ற மகளுக்கு இல்லை. அந்த வயதில் எனக்கு வந்த கோபத்தில் அதுதான் பெரியது.

நான்காம் நாள் நான் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னை வண்டிக்குப் பின்னால் அழைத்துப்போய், குந்தி உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"பிரேக் சரியாகட்டும் கண்ணு. அப்புறம் நீ ஏறிக்கலாம். அது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொல்லமாட்டதானே?"

கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. மாமா நம்பவில்லை, அம்மா நம்பவில்லை, பிரேக் கெட்டிருக்கிறது என்பது உலகத்தில் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அதன்பிறகு நடப்பதுகூட எனக்குக் கஷ்டமாக இல்லை. அந்த டீச்சர் ஒருநாள் என்னைப் பார்த்து, "ஏன் பாப்பா நடந்து போற?" என்று கேட்டார். "வண்டில போனா வாந்தி வருது டீச்சர்" என்றேன். நானே யோசித்து வைத்திருந்த பதில். எவ்வளவு நன்றாகப் பொய் சொன்னேன் என்று அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிக் காட்டினேன். அவர் என் தலையைத் தடவவில்லை. அதுவும் எனக்குக் குறையாகத்தான் இருந்தது.

இப்படி மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் அப்பா இளைத்துவிட்டார். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை இருபது முப்பது தடவை மிதித்துப் பார்ப்பார். பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் பிடிக்கும். எல்லாச் சிக்னலிலும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு நின்றாராம். பச்சை விழுந்ததும் எடுக்க நேரமாகிறது என்று பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்து ஏசினார்கள் என்று டீச்சர் பிள்ளைகள் எனக்குக் கதை கதையாகச் சொன்னார்கள். அவர்களுக்கு அது நல்ல வேடிக்கை.

கடைசியில் கண்டுபிடித்தது அம்மா. வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டிராத அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பின்னால் பிரேக் லைட் ஒன்று எரியவில்லை என்று அப்பா சொல்லி, மாமா அதைப் பார்க்க வந்திருந்தார். லைட்டைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் யாராவது பெடலை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்பா பல்ப் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். எனக்குக் கால் எட்டவில்லை. மாமா அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஏறி உக்காரு. அந்த நடு பெடல்ல கால வெச்சிக்கோ. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத."

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கீழே விட்டுவிட்டு, வண்டி எங்காவது ஓடிவிடும் என்ற பயத்தோடு ஏறி உட்கார்ந்தார். வலது காலின் பெருவிரலைப் பெடல்மேல் வைத்தார். மாமா பின்னால் போய் ஒயரைப் பிடித்துக்கொண்டு குந்தினார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டேய், இது கீழ போகுது" என்றார் அம்மா.

"நீ கால எடுக்கற. எடுக்காதன்னு சொன்னேன்ல."

"எடுக்கலடா. வெச்சிக்கிட்டுதான் இருக்கேன். அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு."

"நல்லா அழுத்துக்கா."

"எங்க அழுத்தறது? தரை வந்துடுச்சே."

மாமா எழுந்து வந்தார். அவருடைய முகத்தில் முதலில் எரிச்சல்தான் இருந்தது. அம்மாவின் காலைப் பார்த்தார். பெடல் தரையில் கிடந்தது, அதன்மேல் அம்மாவின் பெருவிரல். "எடு" என்றார். பெடல் மேலே வந்தது. "மறுபடியும் வை. மெதுவா, முன்னால வெச்ச மாதிரியே வை." அம்மா வைத்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து எண்ணுவதற்குள் பெடல் அசைவதே தெரியாமல் அசைந்து, மெல்ல, சத்தமில்லாமல் தரைக்குப் போய்ச் சேர்ந்தது. மாமா அம்மாவை இறக்கிவிட்டுத் தன் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கெட்டியாக நின்றது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் தொட்டார். போனது.

இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். மறுபடியும் போனது.

பல்புடன் வந்த அப்பாவிடம் மாமா விளக்கினார். பெடலை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து கிழிந்துவிட்டது. ஓங்கி மிதித்தால் அந்த ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும், பிரேக் பிடிக்கும். மெதுவாக அழுத்தினால் ஆயில் கிழிசல் வழியாக உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டு வராது. ஊரில் இருக்கும் மெக்கானிக் அத்தனை பேரும் ஓங்கித்தான் மிதித்துப் பார்ப்பார்கள். பிள்ளைகள் விழக்கூடாது என்று மெதுவாக அழுத்தியது அப்பா ஒருவர்தான். மாமா அன்றைக்கே அதைக் கழற்றி, புது ரப்பர் போட்டு, கிழிந்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நகம் வெட்டிப் போட்ட துண்டு அளவுக்குத்தான் இருந்தது அந்தக் கிழிசல்.

"மாமா, என்ன மன்னிச்சிடு. நீ சொன்னதுதான் கரெக்ட்டு. நான்தான் கேக்கல" என்றார் மாமா. மாமா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் குதித்தேன். அப்பா ஜெயித்துவிட்டார். அம்மாவும் சந்தோஷத்தில், தானே கண்டுபிடித்த பெருமை வேறு, கோழி வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்தார். அப்பா அந்த ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பல்பை எடுத்துக்கொண்டு பின்னால் மாட்டப் போனார். மாமாவைக் குத்திக்காட்டி நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார். ஜெயித்த மனிதர் இப்படியா இருப்பார் என்று எனக்குச் சலிப்பாக வந்தது.

திங்கட்கிழமை நான் வேனில் போனேன். சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில் அவர் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தேன். டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "வாந்தி நின்னுடுச்சா பாப்பா?" என்று கேட்டார்.

பிரேக் சரியாகும்வரை சொல்லக்கூடாது என்றுதானே பேச்சு. சரியாகிவிட்டது. எங்கள் அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

"வாந்தியெல்லாம் இல்ல டீச்சர். வண்டில பிரேக் போய்டுச்சு. மாமா இல்லவே இல்லன்னாரு. எங்கப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அதான் என்ன வண்டில ஏத்தல."

டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைப் போட்டார். "எத்தன நாளா நீ நடந்து போன?" என்றார்.

"மூணு வாரம் டீச்சர்."

அவர் விடைத்தாள்களை அடுக்கினார். தன் பிள்ளைகளை மட்டும் உள்ளே வரச் சொன்னார். விளையாட்டு பாதியில் நின்றதில் எனக்கு வருத்தம்.

இருட்டுவதற்கு முன்பே அவர் எங்கள் சந்துக்கு வந்துவிட்டார். ஆயில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க மாமாவும் வந்திருந்தார். அப்பா வண்டிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் சத்தம் போடவில்லை. வகுப்பில் பேசுவதுபோல நிதானமாகத்தான் கேட்டார்.

"அண்ணா, பிரேக் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு டீச்சர்" என்றார் அப்பா.

மாமா முன்னால் வந்தார். "டீச்சர், தப்பு என்னோடது. வண்டி நல்லாருக்குன்னு அடிச்சி சொன்னது நான்தான். நாலு தடவ பார்த்துட்டு சொன்னேன். இன்னொரு மெக்கானிக்கும் அதேதான் சொன்னான். அவரு என்ன பண்ணுவாரு?"

"நீங்க சொன்னத அவரு நம்பலையே தம்பி" என்றார் டீச்சர். "நம்பியிருந்தா பொண்ண ஏத்திட்டுப் போயிருப்பாரே."

அம்மா வாசற்படியில் நின்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா துடைக்கும் துணியை மடித்தார், மறுபடியும் மடித்தார். "ஆமாங்க டீச்சர்" என்றார்.

எல்லோரும் சேர்ந்து அப்பாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள், பதில் தெரிந்தும் அவர் சொல்லாமல் நிற்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் நடுவில் போய் நின்றேன். "எங்கப்பா சொன்னதுதான் சரி டீச்சர். மொத நாள்லேர்ந்து அவர்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்கு எல்லாம் தெரியும்" என்றேன். அம்மா என்னைப் பிடித்து உள்ளே இழுத்தார். இழுக்கும்போதும் சொன்னேன், "அவருக்கு மொதல்லயே தெரியும்."

மறுநாள் டீச்சர் பிள்ளைகள் வரவில்லை. புதன்கிழமை ஐந்து பேர்தான் வந்தார்கள். வாரக் கடைசியில் வண்டியில் நான் மட்டும் இருந்தேன். பிரேக் போய்க்கொண்டிருந்தவரை நிறைந்து வழிந்த வண்டி, பிரேக் பிடிக்க ஆரம்பித்ததும் காலியாகிவிட்டதே, இந்த ஜனங்களுக்கு மூளையே இல்லையா என்று நான் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சண்டைபோட்டேன். அப்பா அடுத்த மாதம் வண்டியை விற்றுவிட்டுப் பழையபடி ஒரு கம்பெனிக் காரை ஓட்டப் போய்விட்டார். டீச்சர் எதிரே வந்தால் அப்பா வேறு சந்தில் திரும்பிவிடுவார்.

டீச்சர் வந்துபோன அன்றைக்குச் சாப்பிடும்போது நான் விடவில்லை. மாமா தோற்றுவிட்டார், ராஜாஜி நகர் மெக்கானிக் தோற்றுவிட்டார், நீதான் ஜெயித்தாய், நீ சொன்னதுதான் சரி, அதை ஏன் டீச்சரிடம் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "போதும்மா" என்றார் அப்பா. நான் நிறுத்தவில்லை. தான் சொன்னது பொய்யாகப் போகட்டும், கோளாறு வண்டியில் இல்லாமல் தன்னிடமே இருக்கட்டும் என்று அந்த மூன்று வாரமும் அவர் வேண்டிக்கொண்டிருந்திருப்பார் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்? மாமா தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அப்பாவின் பக்கம் நின்று பேசுவது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.